ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டு மிலாறு

1

என் கணவர் நேற்று மாலை கொழும்பிலிருந்து திரும்பினார். தங்குமிட அனுமதியை நீட்டித்துத் தரும் அலுவலகத்தில் இந்த முறையும் ஒரு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்ட அதிகாரி, காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்கள் மனைவி மருத்துவச்சி. இந்தியாவிலும் குழந்தைகள் பிறக்கத்தானே செய்கின்றன? அங்கே போய் வேலை பார்த்தால் என்ன?" என்று கேட்டாராம். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எதற்கும் பதில் வைத்திருப்பவர். அதற்கு அவரிடம் பதில் இல்லையாம். அனுமதி மட்டும் கிடைத்தது, அதுவும் சில மாதங்களுக்கு.

"நீ வந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்று ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் விறகு காயப் போட்டிருந்தேன். அதைத் திருப்பி வைத்தேன். ஆடி மாதம் இங்கே மழை மாதம். போட்ட துணி காயாது, அடுக்கிய விறகு காயாது, மனிதர்களும் முழுசாகக் காய்வதில்லை. இந்த மலைக்கு நான் வந்ததும் ஓர் ஆடியில்தான். மண்டபம் முகாமில் ஊசி போட்டுக்கொண்டு, கப்பலேறி, ரயிலேறி, தலவாக்கலையில் இறங்கி, பஸ் போகும் தூரம் வரை போய், அப்புறம் நடந்து வந்து சேர்ந்தோம். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் அது. அப்போது இவ்வளவு காகிதம் கேட்கவில்லை.

போன முறை லால்குடிக்கு வந்திருந்தபோது என் தங்கை கேட்டாள். "வீட்டைச் சூடு பண்றதுக்குன்னு தனியா விறகா? எதுக்குக்கா?" விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவளுக்கு அன்று நான் சரியாகச் சொல்லவில்லை. அவளுக்காகவும், அவளைப் போலக் கேட்கிற உங்களுக்காகவும் இப்போது சொல்கிறேன்.

2

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு கருங்கல் சுவர் வைத்தது. மேலே தகரம். கூரை ரொம்ப உயரம். இதை வெள்ளைக்காரர் கட்டினார் என்பது உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிடும். ஒரு பக்கச் சுவருக்குள்ளேயே பெரிய மாடம் போலக் குடைந்து, அதில் விறகு அடுக்கி எரிக்கும்படி செய்திருந்தார்கள். சமைப்பதற்கு அல்ல, அறையைச் சூடாக்குவதற்கு. புகை போக மேலே ஒரு கூண்டு. அவர்கள் ஊரில் அது அழகாக எரிந்திருக்கலாம். இங்கே அதற்கு வந்து சேர்ந்ததெல்லாம் பச்சையாக வெட்டிய யூகலிப்டஸ் கட்டை. நெருப்பு வைத்தால் கட்டையின் நுனியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும். சீறும், புகையும், எரியாது.

அந்தப் புகை கூண்டு வழியாகப் போகாமல் வார்டுக்குள் திரும்பும். ஜன்னலைச் சாத்தினால் தாய்மார்கள் இருமுவார்கள், பிறந்த குழந்தைகளுக்குக் கண்ணில் நீர் வடியும். ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். புகையா, குளிரா? தினமும் காலையில் அதை முடிவு செய்வதுதான் என்னுடைய முதல் வேலை. திருச்சியில் எனக்குப் பயிற்சி கொடுத்தபோது யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

மாரியாயி என்ற பெண்ணை அப்போதுதான் முதலில் பார்த்தேன். கொழுந்து பறிப்பவள், என்னைவிடச் சின்னவள். மலையில் வழுக்கி விழுந்து எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. குழந்தை மிகச் சிறியது. பஞ்சில் சுற்றினோம். சுடுதண்ணீர் போத்தல்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தோம். தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். போத்தல் ஆற ஆற மாற்றினோம். அந்த வாரம் புகை தாங்காமல் மற்ற இரண்டு குழந்தைகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஜன்னலைத் திறந்தே வைக்கும்படி டவுனிலிருந்து வந்த டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது அந்த இரண்டு குழந்தைகளுக்குச் சரி. மாரியாயியின் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டுப் போனது.

துணியில் பொதிந்து தகப்பன் கறுப்பையாவிடம் கொடுத்தேன். மாரியாயி அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என் வயித்துக்குள்ளயே இன்னங்கொஞ்ச நாளு இருந்திருந்தா சூடா இருந்திருக்கும்லங்கம்மா?"

3

அதற்குப் பிறகு, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களே ஒரு வழி பார்த்தார்கள். கரி. யாரோ வேலைக்குப் போன இடத்தில் மூட்டம் போட்ட கரியை ஒரு சாக்கு கொண்டுவந்து வைத்தார்கள். வார்டு ஆயா அதை ஓர் இரும்புச் சட்டியில் கனலாக்கி, கட்டில்களுக்கு நடுவில் வைத்தாள். புகையே இல்லை. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அறை கதகதவென்று ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டரும் பார்த்துவிட்டு நல்லது என்றுதான் சொன்னார்.

ஒரு மழைநாள், விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் வார்டுக் கதவைத் தள்ளினேன். யாரும் அசையவில்லை. தாய்மார் மூன்று பேரும் தூங்குவது போலக் கிடந்தார்கள். ஒருத்தி தலையணை மேலேயே வாந்தி எடுத்திருந்தாள். ஆயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்று முடியாமல் சரிந்தாள். நடுவில் கரி சிவப்பாக, அழகாகக் கனன்றுகொண்டிருந்தது.

நான் கத்திய கத்தலில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரையும் தூக்கி வராந்தாவில் போட்டோம். குழந்தைகளை மழைச்சாரலில் காட்டினோம். முதலில் ஒரு குழந்தை முனகியது, பிறகு அழுதது. அப்புறம் மற்றவையும். எல்லோரும் பிழைத்தார்கள். மத்தியானம் டாக்டர் வந்து, தலைவலியால் முனகிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துவிட்டு, "இனிமேல் கரி இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்றார். கரியின் விஷக்காற்று கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது என்று விளக்கினார். "அப்ப எதை எரிக்கிறதுங்க?" என்று கேட்டேன். அவர் குடையை விரித்தார். "தெரியலம்மா" என்றார். அவருக்கும் இன்னும் பல தோட்டம் போக வேண்டியிருந்தது.

லால்குடியில் எங்கள் வீட்டுச் சமையலறை கொல்லைப்பக்கம் தனியாக இருக்கும். அடுப்புச் சூடு கூடத்துக்கு வரக்கூடாது என்பதற்காக. சித்திரையில் அப்பா முற்றத்தில் தண்ணீர் தெளிப்பார். ஜன்னல்கள் எதிரும் புதிருமாக இருக்கும், உள்ளே வந்த காற்று நிற்காமல் போக வேண்டும். கருவேல விறகும் வறட்டியும் சோறு பொங்குவதற்கு. பொங்கியதும் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவோம். நெருப்பை வீட்டைவிட்டு விரட்டவே பழகியவள் நான். நெருப்பை ஓர் அறைக்குள் எப்படித் தங்க வைப்பது என்று இருபத்தி ஐந்து வயதுக்கு மேல் யோசிக்க வேண்டியிருந்தது.

4

ஃபேக்டரிக்குப் பின்னால் பழைய இரும்பு அடுப்பு ஒன்று கிடந்தது. இடித்துப் போட்ட ஒரு பங்களாவிலிருந்து வந்தது. பெட்டி போல நாலு பக்கமும் மூடியது, முன்னால் சின்னக் கதவு. மேலே குழாய் பொருத்தினால் புகை முழுக்க வெளியே போய்விடும், இரும்பின் சூடு மட்டும் அறையில் நிற்கும். ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர் ஜயசேன அதில் ஆணி போட்டு வைத்திருந்தார். கேட்டதும் ஆணியைக் கொட்டிவிட்டுக் கொடுத்துவிட்டார். கறுப்பையாவும் இன்னொருவருமாகத் தூக்கி வந்து வைத்தார்கள்.

ஆனால் பச்சை விறகுக்கு அந்த அடுப்பும் மசியவில்லை. குழாயில் தார் போல ஒழுகி அடைத்துக்கொண்டது. நன்றாகக் காய்ந்த, பிளந்த விறகு வேண்டும். அது தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, ஃபேக்டரி விறகுக் கொட்டகையில். தேயிலை காயவைக்கும் ட்ரையரும், மழைக் காலத்தில் மேல்மாடியில் கொழுந்தை வாட்டும் சூடும் அந்த விறகில்தான் ஓடின.

மறுபடியும் ஜயசேனவிடம் போனேன். அவர் நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனாலும் உதவி கேட்கப் போகிற இடத்தில் அவர் பாஷையில் பேசினால் மரியாதையாக இருக்குமே என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சிங்களத்தில் விறகுக்குத் 'தர' என்று பேர். குழந்தைகளுக்குத் 'தருவோ'. நான் அவர் முன்னால் கைகட்டி நின்று, எனக்கு நன்றாகக் காய்ந்த தருவோ ஒரு வண்டி வேண்டும், அடுப்பில் வைக்க என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. விஷயம் புரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"மிஸ்ஸி, தருவோ எல்லாம் உங்ககிட்டதானே இருக்கு. எங்கிட்ட இருக்கிறது தர மட்டும்" என்றார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "உங்க வார்டு நான் பார்த்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலே என் கை போகுது. அவ்வளவு உயரத்திலே சூடு எல்லாம் மேலே போய் வெளியே போகும். என் தர எரிச்சு இந்த மலைக்குச் சூடு ஏத்தணுமா? ட்ரையரிலே ஒரு ஓட்டை இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. முதல்லே அறையைச் சின்னதா பண்ணுங்க. அப்புறம் தர கேளுங்க, தரேன்."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் புலம்பினேன். அவர் கேட்டுவிட்டு, "அவர் சொல்றது சரிதானே" என்றார். சரிதான். அதனால்தான் கோபம்.

தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையிடம் தடுப்புக்குப் பலகை கேட்டோம். இந்த வருஷம் இல்லை என்றார். ஃபேக்டரியில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் கழித்துக் கட்டிக் கிடந்தன. மெல்லிய பலகையும், உள்ளே ஒட்டிய ஈயத்தாளும். ஜயசேன அவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வார்டின் ஒரு மூலையில் கட்டில் மூன்று போடும் அளவுக்குத் தடுத்து, கை எட்டும் உயரத்தில் பெட்டிப் பலகையால் தட்டுக்கூரை அடித்தோம். ஈயத்தாள் பக்கம் கீழே பார்க்கும்படி. கறுப்பையா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஆணி அடித்தான். அந்த மூலையில்தான் அவன் குழந்தை கிடந்தது. அடுப்பைச் சுற்றிச் செங்கல் அடுக்கினோம். நெருப்பு அணைந்த பிறகும் செங்கல் வெகு நேரம் சூடு பிடித்திருக்கும்.

முதல் நாள் ஜயசேன அனுப்பிய காய்ந்த விறகு போட்டு மூட்டியபோது, படுத்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேலே போர்த்தியிருந்த கம்பளியை இறக்கினார்கள். அந்த வார்டில் கம்பளி இல்லாமல் ஒரு பெண்ணின் தோளை நான் அன்றுதான் பார்த்தேன்.

5

இடையில் என் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம். செல்வி அந்த அறையில்தான் பிறந்தாள். இப்போது ஹட்டனில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் "என்னாங்கம்மா" என்கிறாள், லயத்துப் பிள்ளைகள் மாதிரியே. அவள் சிநேகிதிகளோடு பேசும் சிங்களத்தில் பாதி எனக்குப் புரிவதில்லை. நான் பேசும் சிங்களம் முழுக்க அவளுக்குச் சிரிப்பு.

லால்குடிக்கு அழைத்து வந்தபோது வெயில் தாங்காமல் உடம்பெல்லாம் கொப்பளித்து, விசிறிக்குக் கீழே படுத்தே கிடந்தாள். ஒரு நாள் என் காதுக்குள், "அம்மா, எப்ப நம்ம ஊருக்குப் போறது?" என்றாள். என் தங்கை அதைக் கேட்டுவிட்டாள். செல்விக்கு நம்ம ஊர் என்பது அனுமதி முடிந்தால் நாங்கள் வெளியேற வேண்டிய ஊர். லயத்து ஆட்களுக்கோ இங்கேயே பிறந்து, பெற்று, புதைத்த பிறகும் பிரஜாவுரிமை வரவில்லை. மனு போட்டுவிட்டு இருக்கிறார்கள். இதையெல்லாம் நினைக்கத் தொடங்கினால் வேலை ஓடாது. நான் நினைப்பதில்லை.

6

தட்டுக்கூரை அடித்த மறு வருஷம் ஆடி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து விறகு லொறி வருவது நின்றது. ஃபேக்டரிக் கொட்டகையில் விறகு இறங்கிக்கொண்டே போனது. ஒரு காலை ஜயசேன தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவிலேயே நின்றார்.

"மிஸ்ஸி, தொர சொல்லிட்டாங்க. பாதை சரியாகிற வரைக்கும் வார்டுக்குத் தர இல்லை."

"உங்களுக்குத் தெரியுமே, உள்ளே யார் இருக்கான்னு."

"தெரியும். ஆனா ட்ரையர் நின்னா கொழுந்து அழுகும். கொழுந்து அழுகினா எல்லாருக்கும் வேலை நிக்கும். நான் தொரகிட்ட ரெண்டு தடவை கேட்டேன்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்.

உள்ளே இருந்தது மாரியாயி. இரண்டாவது குழந்தை. இந்த முறையும் நாள் வராமலே முந்தின நாள் பிறந்துவிட்டது. பையன், ஒரு கைக்குள் அடங்கினான். தட்டுக்கூரையும் அடுப்பும் செங்கலும் எல்லாம் இருந்தது. எரிக்கத்தான் ஒன்றுமில்லை.

லயங்களில் மிலாறு இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சிகளை இங்கே மிலாறு என்கிறார்கள். பெண்கள் வேலை முடிந்து வரும்போது கட்டிச் சுமந்து வந்து, கூரை ஓரத்தில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள். மழைக் காலம் முழுக்கச் சோறாக்கவும், குளிர் காயவும், ஈரத் துணி உலர்த்தவும் அவர்களுக்கு அது ஒன்றுதான். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஜயசேன வந்து போனதை வார்டு ஆயா பார்த்திருந்தாள். அன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு வராந்தாவில் கூடிவிட்டார்கள்.

"வீட்டுக்கு ஒரு கட்டு போட்டா என்னா? மொறை வச்சுக் குடுப்போம்" என்றாள் ஒருத்தி.

பல பேர் சரி என்றார்கள். மேட்டு லயத்து ராக்காயி கூடையை இறக்காமலே நின்றாள். ஒல்லியான பெண், உரத்துப் பேசுபவள். புருஷன் இறந்து போய் ஒற்றையாகப் பிள்ளைகளை வளர்ப்பவள்.

"மேட்டு லயத்துல எங்க காம்பராவுக்குள்ள ஒழுகாத எடம் எதுன்னு சொல்லுங்க பாப்போம். ராத்திரியானா அடுப்புக்குப் பக்கத்துலதான் நாலு புள்ளைகளையும் போட்டுக்கிட்டுக் கெடக்கேன். இங்க ஒரு கட்டு எரிஞ்சா அங்க ஒரு கட்டு கொறையும். மானத்துலயிருந்தா வரும்?"

"அப்ப மாரியாயி புள்ள?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல" என்றாள் ராக்காயி. "குடுத்தா என்னா ஆகும்னுதான் சொல்றேன். ஒருத்தராச்சும் சொல்லணும்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது? இந்தக் குழந்தைக்குச் சூடு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். லயத்தில் எந்தக் குழந்தைக்கு வேண்டாம் என்பது எனக்குத் தெரியாது. அதையே சொன்னேன். ராக்காயி கூடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் போய்விட்டாள். இருட்டுவதற்குள் முதலில் வந்து விழுந்தது அவள் கட்டுதான்.

7

மிலாறு காகிதம் போல எரியும். கட்டை விறகை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மிலாற்றுக்கு ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பையா உட்கார்ந்தான். பிரசவ அறைக்குள் ஆண்கள் வருவதில்லை என்ற வழக்கத்தை ஆயாவே எடுத்துவிட்டாள். அவன் வேலைக்குப் போகும் நேரம் இன்னொருவன் வந்தான். கட்டில் பக்கம் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து குச்சி குச்சியாக வைத்தார்கள். குனிந்து கதவைத் திறந்து, நாலு குச்சி வைத்து, மூடி. மறுபடியும் திறந்து. செங்கல் ஆறவே இல்லை.

குழந்தை முதலில் பால் குடிக்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் பிழிந்தோம். பிறகு ஒரு நாள் காலையில் சப்புக்கொட்டினான். மாரியாயி என் கையைப் பிடித்து இழுத்து அவன் உள்ளங்காலில் வைத்தாள். சூடாக இருந்தது. அவள் அப்போதுதான் அழுதாள், முதல் குழந்தைக்கும் சேர்த்து.

பாதை சரியாகி லொறி வந்தது. ஜயசேன முதல் வண்டியிலேயே வார்டுக்கு விறகு இறக்கினார். எல்லோரும் மூச்சு விட்டோம்.

அந்த வாரமே ராக்காயி வந்தாள், இடுப்பில் கடைசிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு. நாலு வயதுக் குழந்தை. நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. லயங்கள் முழுக்கக் காய்ச்சலும் சளியும் பரவியிருந்த நேரம். பிரசவ வார்டில் பெரிய பிள்ளைகளைப் படுக்க வைக்கக்கூடாது என்பது விதி. நான் விதியைப் பார்க்கவில்லை, சூடான அறையில் மாரியாயிக்கு அடுத்த கட்டிலில் போட்டேன். டாக்டர் வந்தார், ஊசி போட்டார், மறுநாளும் வந்தார். அவரால் ஆனதையெல்லாம் செய்தார். குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது.

ராக்காயி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாரியாயி அவள் காலடியில் போய் உட்கார்ந்தாள். ராக்காயி அவளைத் தூக்கி, "பச்ச ஒடம்புக்காரி தரையில ஒக்காராத, போ" என்று கட்டிலுக்கு அனுப்பினாள்.

மிலாறு கொடுக்காத வீடுகளிலும் காய்ச்சல் இருந்தது. விறகு நிறைய இருந்த ஸ்டாஃப் குவாட்டர்ஸில்கூட இருந்தது. எங்கள் வீட்டிலேயே, அப்போது கைக்குழந்தையான செல்வி காய்ச்சலில் கிடந்தாள். அந்தக் கட்டு ராக்காயி வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் இதைப் பல தடவை எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நானும் ஜயசேனவும் தொரையைப் பார்க்கப் போனோம். நடந்ததைச் சொன்னோம். ஜயசேன தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: மாசி வெயிலிலேயே மரத்தை வெட்டிப் பிளந்து அடுக்க வேண்டும், வார்டுக்குத் தனியாக, ஒவ்வொரு லயத்துக்கும் தனியாக, மேலே தகரம் போட்டு. ஃபேக்டரி விறகில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. தொரை ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டவர் முகம் கல்லாக இல்லை. செய்வோம் என்றார். செய்யவும் செய்தார். ஆனால் எல்லா லயத்துக்கும் கொட்டகை வந்து முடிய இரண்டு வருஷம் ஆனது. மேட்டு லயம் கடைசி.

8

அதனால் அடுத்த ஆடியிலும் வார்டுக்கு அடுக்கிய விறகு பாதி மழையில் தீர்ந்து, மறுபடியும் மிலாற்று முறை வந்தது. முறை சொல்லிவிடும் ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, ராக்காயி காம்பராவை மட்டும் விட்டுவிடு என்று சொல்லியிருந்தேன்.

ஒரு காலை, பெரட்டுக்குப் போகும் வழியில் ராக்காயி தலையில் கட்டோடு வந்து வராந்தாவில் நின்றாள். சாக்கைப் போர்த்திய கட்டு நனையவில்லை. அவள் நனைந்திருந்தாள்.

"மேட்டு லயத்துல எல்லாருக்கும் மொறை வந்துருச்சு. எனக்கு மட்டும் ஏங்கம்மா வரல?"

"நான்தான் விடச் சொன்னேன், ராக்காயி. உனக்கு வேண்டாம்னு."

"ஏன்?"

நான் கட்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"என் காம்பராவுல ஆளு இல்லையா?" என்றாள். குரல் உயரவில்லை. "இன்னம் மூணு புள்ளைக இருக்குல்ல. நாளைக்கி அதுகளுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வாறது?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கட்டைச் சுமந்தபடி உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, கதவைத் திறந்து ஒரு பிடி வைத்தாள். பிடித்துக்கொண்டது. இன்னொரு பிடி வைத்து மூடினாள். கையைச் செங்கல் மேல் வைத்து, சூடு போதுமா என்று பார்த்தாள்.

பக்கத்துக் கட்டிலில் முந்தின நாள் பிரசவமான பெண் படுத்திருந்தாள். புதியவள், திம்புள்ளைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். ராக்காயியை யாரென்று அவளுக்குத் தெரியாது. ராக்காயி எழுந்து துணிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள?"

"பொண்ணுங்கக்கா."

தொலைவில் பெரட்டுக் கொம்பு ஊதியது. நேரத்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் கிடைக்காது, கூலியும் கிடைக்காது. அவள் திரும்பி, கதவு வரைக்கும் போய்விட்டாள். பிறகு திரும்பி வந்தாள்.

"கால மூடும்மா, வெளிய தெரியுது" என்று சொல்லி, அந்தக் குழந்தையின் பாதத்தைத் துணிக்குள் தானே செருகிவிட்டு, மழையில் இறங்கி மலைக்கு ஓடினாள்.